சீக்கியரின் நாள்வழிபாடு

சில ஆண்டுகளுக்கு முன் உயர்வகுப்பு மாணவருக்கு இந்திய சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தபொழுது மாணவன் ஒருவன் எழுந்து ஒரு வினா விடுத்தான். “ஐயா, சீக்கியர் உருவ வணக்கத்தை ஏற்காதவர் என்று கூறினீர்கள். ஆனால், அவர்கள் ஒரு நூலைப் பட்டினால் மூடி, விதானத்தின்கீழ் வைத்துச் சாமரை வீசி, அதன்முன் நிலத்திலே தலை வைத்து வணங்குகின்றனரே. அது உருவ வணக்கம் ஆகாதோ?” என்றான். வகுப்பில் இருந்தோர் சிரித்தனர். எனக்கோ சிரிப்பு வரவில்லை. பாடநூலில் அதற்கு ஒரு வரியிலே விடை உண்டு. அவ்விடையைச் சொல்லி அவனை இருத்தினேன். எனினும், அஃது அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தார் நாள்தோறும் செய்யும் வழிபாட்டை விளங்கிக் கொள்ளுதற்கு அவ்வழிபாடு எவ்வாறு அமைந்தது, எத்தகைய இடுக்கண்களின் ஊடே காக்கப்பட்டது என்பவற்றை அறிதல் வேண்டும். அவ்வரலாற்றையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்கக் கருதுகிறேன்.

சீக்கிய சமயத்தின் முதற்குருவாகிய நானக் 1469 ஆம் ஆண்டிலே பஞ்சாபின் தல்வண்டி என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் பின்னர் அவர் பெயராலேயே நன்கானா சாகிப் என வழங்கலாயிற்று. இளமையிற் சுல்தான்பூரிலே தௌலத்கான் லோடி என்னும் ஆளுநரின் பண்டகசாலையில் அவர் கணக்குப் பார்த்தார். பின்பு வீடு துறந்து நெடும்பயணங்கள் மேற்கொண்டார். ஜனம்சாகி எனப்படும் பழைய வாழ்க்கைக் கதைகள், அவர் சங்கலதீபத்திற்கும் வந்து சிவநாபன் என்னும் மன்னனைக் கண்டார் என்று கூறுகின்றன. சங்கலதீபம் என்பது நம் இலங்கையே எனக் கொள்வர் பலர். ஆயினும், வரலாற்று ஆசிரியர் இதனை நிறுவப்பட்ட செய்தியாகக் கொள்வதில்லை. நாமும் அதனை வழிவழி வந்த நம்பிக்கை என்ற அளவிலே வைத்துக் கொள்வோம்.

நமக்கு இங்கே முதன்மையாவது, பயணங்கள் முடிந்தபின் அவர் என்ன செய்தார் என்பதே. அவர் காட்டுக்குச் செல்லவில்லை. மடம் அமைத்து அதிற் புகவும் இல்லை. இராவி ஆற்றங்கரையிலே கர்த்தார்பூர் என்னும் குடியிருப்பை நிறுவி, மனைவி மக்களோடு வாழ்ந்து, நிலத்தை உழுதார். 1539 ஆம் ஆண்டில் அவர் மறைந்ததும் அவ்விடத்திலேயே. கர்த்தார்பூரின் நாள்முறையைப் பிற்காலத்துப் புலவராகிய பாய் குர்தாஸ் தம் பாடலிற் குறித்திருக்கிறார். வைகறையில் ‘ஜப்’ ஓதப்பட்டது. மாலையிலே ‘சோதர்’, ‘ஆரத்தி’ என்னும் பாடல்கள் பாடப்பட்டன. இடைப்பட்ட பொழுதெல்லாம் வயலுக்கும் அடுக்களைக்கும் உரியதாயிற்று. இறைவன் திருநாமத்தை நினைத்தல், நேர்மையாக உழைத்து உண்ணுதல், உள்ளதைப் பகிர்ந்து உண்ணுதல் என்னும் மூன்றையும் சீக்கியர் தம் வாழ்வின் அடிப்படையாகக் கூறுவர். இம்மூன்றும் ஏட்டிலே எழுதப்படுமுன் கர்த்தார்பூரின் ஒரு நாட்பொழுதிலே நடைபெற்றன என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று சீக்கியர் நாள்தோறும் ஓதும் முறைக்கு நித்னேம் என்று பெயர். சூரியன் எழுவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரத்திற்கு முற்பட்ட பொழுதை அவர்கள் ‘அமிர்த வேளை’ என்பர். அந்நேரத்தில் எழுந்து நீராடி, குரு நானக் அருளிய ஜப்ஜியை ஓதுவர். முதலிலே மூலமந்திரம் நிற்கும். அது சொல்லாலன்றி ஒன்று என்னும் இலக்கத்தால் தொடங்குகிறது. இறைவன் ஒருவனே என்பதை எழுத்தால் எழுதினால் அதனை வேறு பொருள்படப் பிரித்தல் கூடும்; இலக்கத்தை எவரும் பிரித்தல் இயலாது என்று அறிஞர் சிலர் இதற்கு நயம் கூறுவர். மூலமந்திரத்தின்பின் முப்பத்தெட்டுப் படிகளாக அமைந்த பாடலும், இறுதியில் ஒரு சுலோகமும் வரும். ஜப்ஜி இராகத்தில் இசைக்கப்படுவதன்று, ஓதப்படுவது. அதனோடு பத்தாம் குருவாகிய கோவிந்த சிங்கரின் ஜாப், சவையே என்னும் பாடல்களும் காலையில் ஓதப்படும். பொழுது சாயும் வேளையில் ‘சோதர் ரஹிராஸ்’ என்னும் தொகுதியும், துயிலச் செல்லுமுன் ‘சோஹிலா’ என்னும் சிறுதொகுதியும் ஓதப்படும். சோஹிலா ஐந்து பாடல்களே கொண்டது. இறந்தவரின் உடலைத் தீயில் இடும்பொழுதும் இதனையே ஓதுவர். ஒவ்வோர் இரவும் துயிலுக்குமுன் ஓதிய அதே பாடல்கள் இறுதித் துயிலின்போதும் ஒலிக்கின்றன.

இவ்வோதலுக்குக் குருக்கள் வேண்டா; கோயிலும் வேண்டா. உழவன் ஏர் பூட்டுமுன் ஓதலாம். தாய் மாப் பிசையும்பொழுது ஓதலாம். வண்டியோட்டி வழியிலே ஓதலாம். ஆடவர் பெண்டிர் என்ற வேறுபாடும் இல்லை. இந்த எளிமையே பின்னாளில் அவ்வழிபாட்டுக்கு அரணாயிற்று என்பதை இனிக் காண்போம்.

நானக்கின்பின் வந்த குருமார் இம்முறையைப் படிப்படியாக உறுதிசெய்தனர். இரண்டாம் குருவாகிய அங்கதர், குர்முகி எழுத்தை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். மூன்றாம் குருவாகிய அமர்தாஸ், தம்மைக் காண வருவோர் முதலிற் பந்தியிலமர்ந்து உண்ணுதல் வேண்டும் என்று விதித்தார். சாதியாற் பிரிந்து, ஒருவர் தொட்டதை மற்றவர் உண்ணாத காலம் அது. அக்காலத்திலே, வணங்குவதற்குமுன் யாவரும் ஒரே வரிசையில் தரையிலிருந்து ஒரே உணவை உண்ணுக என்பது பெரும் புரட்சியேயாகும். லங்கர் எனப்படும் இப்பொதுப் பந்தி குருத்துவாரா தோறும் இன்றும் நடைபெறுகின்றது. நான்காம் குருவாகிய ராம்தாஸ், தம்மைச் சீக்கியர் என்போர் வைகறையில் எழுந்து நீராடி இறைநாமத்தை நினைத்தல் வேண்டும் என்று பாடிவைத்தார். அமிர்தசரஸ் நகரைத் தோற்றுவித்தவரும் அவரே.

ஐந்தாம் குருவாகிய அர்ஜுனரின் காலத்திலே வழிபாட்டுக்கு இரு நடுநாயகங்கள் அமைந்தன. ஒன்று, குளத்தின் நடுவே எழுந்த ஹர்மந்திர் என்னும் திருக்கோயில். நாற்றிசையும் வாயிலுடையது அது. மற்றொன்று, 1604 ஆம் ஆண்டிற் தொகுத்து நிறைவேறிய ஆதிகிரந்தம். குரு அர்ஜுனர் சொல்லப் பாய் குர்தாஸ் எழுதினார். முன்னைய குருமாரின் பாடல்களோடு, நெசவாளராகிய கபீர், தோல்வினைஞராகிய ரவிதாஸ், மராட்டிய நாட்டு நாமதேவர், முஸ்லிம் ஞானியாகிய ஷேக் பரீத் முதலியோரின் பாடல்களும் அதில் இடம்பெற்றன. ஒரு சமயத்தின் திருநூலிலே பிற சமயத்தார் பாடலும், தாழ்ந்த குலத்தார் எனப்பட்டோர் பாடலும் குருவின் பாடலோடு ஒப்ப வைக்கப்பட்டன. ஆகவே, அந்நூலின்முன் தலைவணங்கும் உயர்குலத்தான் தோல்வினைஞரின் சொல்லுக்கும் தலைவணங்குகிறான்.

நூலின் அமைப்பும் நோக்கற்பாலது. அச்சான இன்றைய பதிப்பு 1430 பக்கங்கள் கொண்டது. பாடல்களிற் பெரும்பாலானவை 31 இராகங்களாக வகுக்கப்பட்டுள்ளன. ஆனால், முதற் 13 பக்கங்களும் இராகப் பகுப்புக்கு வெளியே நிற்கின்றன. அவை யாவை? காலையில் ஓதும் ஜப்ஜி, மாலையில் ஓதும் சோதர்ப் பாடல்கள், இரவில் ஓதும் சோஹிலா ஆகியவையே. எனவே, நூலைத் திறப்பவன் முதலிற் காண்பது தன் ஒருநாளின் வழிபாட்டையே. நாள்வழிபாடு திருநூலுக்குப் பின்னிணைப்பாகச் சேர்ந்ததன்று. அதுவே நூலின் தலைவாயில்.

நூல் நிறைவேறிய இரண்டாம் ஆண்டில், 1606 இல், ஜஹாங்கீர் மன்னன் ஆணையாற் குரு அர்ஜுனர் லாகூரிலே வதைக்கப்பட்டு உயிர்நீத்தார். 1675 இல் ஒன்பதாம் குருவாகிய தேஜ்பகதூர் டில்லியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் மைந்தராகிய கோவிந்த சிங்கர், 1699 ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில் ஆனந்தபூரிலே கால்ஸா என்னும் அமைப்பை நிறுவினார். தம் நான்கு புதல்வரையும் போர்களிலும் கொலைக்களத்திலும் இழந்தார். 1708 இல், தக்கணத்து நாந்தேட் நகரில் உயிர் பிரியும் தறுவாயில், தமக்குப்பின் மனிதர் எவரும் குரு ஆகார். கிரந்தமே குரு எனப் பணித்தார். அன்று முதல் அந்நூல் குரு கிரந்த சாகிப் ஆயிற்று.

என் மாணவனின் வினாவுக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. வைகறையிலே கிரந்தத்தைத் திறந்து வைப்பதைப் ‘பிரகாஷ்’ என்பர். இரவிலே மூடித் துயிலிடத்திற்குக் கொண்டு செல்வதைச் ‘சுகாசன்’ என்பர். பட்டும் விதானமும் சாமரையும், அரசவைக்குரிய ஆசிரியர் ஒருவருக்குச் செய்யும் மரியாதைகளாம். ஆசிரியரை வணங்குவோர் அவர் சொல்வதைக் கேட்டே தீரவேண்டும். ஆகவே, வழிபாட்டின் இறுதியிலே நூலை ஏதேனும் ஓரிடத்தில் திறந்து, இடப்பக்கத்தின் தலையில் உள்ள பாடலை ஓதுவர். பாடல் முன்பக்கத்தில் தொடங்கியிருப்பின் ஏட்டைப் புரட்டி அங்கிருந்து ஓதுவர். இதற்கு ‘ஹுகம்’, அதாவது ஆணை, என்று பெயர். அது கூட்டத்தாருக்கு அந்நாளின் உபதேசம். நூலை மூடிவைத்து மலர் தூவுவதோடு வழிபாடு முடிவதில்லை. திறந்து படித்துக் கேட்பதிலேயே நிறைவேறுகிறது.

குருத்துவாராவுக்குள் செல்வோர் பாதரட்சையைக் கழற்றி, தலையை மூடி, கிரந்தத்தின்முன் வணங்கித் தரையில் அமர்வர். இராகத்தோடு கீர்த்தனம் பாடப்படும். பின்னர் யாவரும் எழுந்துநின்று ‘அர்தாஸ்’ என்னும் பொதுவிண்ணப்பம் செய்வர். அதன்பின் ஹுகம், அதன்பின் கடாப் பிரசாதம். கோதுமை மா, நெய், சர்க்கரை ஆகிய மூன்றையும் ஒத்த அளவிற் கலந்து கிண்டிய இனிப்பு அது. செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே கலத்திலிருந்து அது வழங்கப்படும்.

இவற்றுள் அர்தாஸ் சரித்திர மாணவரின் கருத்தைப் பெரிதும் கவர்வது. பிற பாடல்கள் குருமார் அருளியவை. அர்தாஸின் பெரும்பகுதியோ சமூகம் தானே நாளடைவில் தொடுத்தது. தொடக்கத்தில் இறைவனையும் பத்துக் குருமாரையும் நினைப்பர். பின்பு கோவிந்த சிங்கரின் நான்கு புதல்வரை நினைப்பர். அதன்பின், உறுப்புறுப்பாக வெட்டப்பட்டோர், தலையோடு உரிக்கப்பட்டோர், வாளால் அறுக்கப்பட்டோர் ஆகியோரை நினைப்பர். இவை வெறும் அலங்காரச் சொற்கள் அல்ல. 1675 இலே டில்லியில் மதிதாஸ் வாளால் அறுக்கப்பட்டார். அமிர்தசரஸில் தீபாவளிக் கூட்டம் நடத்த முயன்ற மணிசிங், 1730 களின் இறுதியில் லாகூரில் மூட்டுமூட்டாக வெட்டப்பட்டார். 1745 இல் தாருசிங்கின் தலைத்தோல் உரிக்கப்பட்டது. 1748 முதல் 1753 வரை லாகூரை ஆண்ட மீர் மன்னுவின் சிறையிலே, திரிகை அரைத்துக்கொண்டு தம் குழந்தைகள் கொல்லப்படுவதைக் கண்டும் கொள்கை பிறழாத தாய்மாரையும் அர்தாஸ் நினைவூட்டுகிறது.

அப்பதினெட்டாம் நூற்றாண்டிலே சீக்கியர் காடுகளிலும் பாலைகளிலும் ஒளிந்து திரிந்தனர். 1762 இல் அஹமத்ஷா அப்தாலி ஹர்மந்திரை வெடிமருந்தால் தகர்த்தான். கோயிலை இழந்த மக்கள் அழிந்துபோகவில்லை. ஏன்? அவர்தம் நாள்வழிபாடு கட்டடத்தைச் சார்ந்ததன்று. ஜப்ஜியை மனனம் செய்தவன் குதிரையின்மீது இருந்தும் ஓதலாம். ஹர்மந்திர் மீண்டும் கட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ரஞ்சித் சிங் மகாராசா அதற்குப் பொற்றகடு வேய்ந்தார். அதனாலேயே அது பொற்கோயில் எனப்படுகிறது.

புறத்திலிருந்து வந்த இடர்களைக் கூறினோம். அகத்தே தோன்றிய இடரையும் மறையாது கூறுதல் வேண்டும். இடருற்ற காலத்திலே குருத்துவாராக்களைப் பாதுகாத்தவர் மகந்துகள் எனப்பட்டோர். காலப்போக்கிலே அவருட் பலர் கோயில் நிலங்களைத் தம் சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொண்டனர். 1849 இல் பஞ்சாபைக் கைக்கொண்ட ஆங்கிலேயரின் சட்டம் அதற்குத் துணைநின்றது. சாதி ஒழித்த சமயத்தின் கோயில்களிலே சாதி மீண்டும் புகுந்தது. 1920 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் நாள், தாழ்த்தப்பட்ட குலங்களிலிருந்து சமயத்திற் சேர்ந்தோர் பொற்கோயிலுக்குப் பிரசாதம் கொண்டு சென்றனர். பூசகர் அதனை ஏற்க மறுத்தனர். வாதம் மூண்டது. ஈற்றில், கிரந்தத்தைத் திறந்து அதன் ஆணையைக் கேட்பது என இருதிறத்தாரும் இசைந்தனர். திறந்த இடத்தில் வந்த பாடல், தகுதியற்றவர் எனப்படுவோரையும் இறைவன் மன்னித்து ஆட்கொள்வான் என்னும் பொருளது. பூசகர் பணிந்து பிரசாதத்தை ஏற்றனர். மறுநாள் வகுத்த சட்டமோ, அரசினர் தீர்ப்போ அன்று. நாள்தோறும் கேட்கும் ஹுகமே அன்று அவ்வழக்கைத் தீர்த்தது.

அதன்பின் நிகழ்ந்தது குருத்துவாரா சீர்திருத்தப் போராட்டம். 1920 நவம்பரிலே சிரோமணி குருத்துவாரா பிரபந்தகக் குழு அமைந்தது. 1921 பெப்ரவரி 20 ஆம் நாள், நன்கானா சாகிபில் மகந்தின் கூலிப்படையினர் வழிபட வந்தோரைப் பெருந்தொகையாகக் கொன்றனர். 1922 இலே குரு கா பாக் என்னும் இடத்தில், லங்கருக்கு விறகு வெட்டியது குற்றமாகக் கொள்ளப்பட்டது. நாள்தோறும் தொண்டர் அணியணியாகச் சென்று, கை ஓங்காது அடிபட்டு வீழ்ந்தனர். அதனை நேரிற் கண்ட சி. எஃப். அன்ட்ரூஸ் என்னும் கிறித்தவப் பெரியார் உள்ளம் உருகி எழுதினார். 1923 இல் ஜைத்தோவிலே, திருநூல் முழுவதையும் ஏறத்தாழ 48 மணி நேரம் இடையறாது ஓதும் அகண்டபாடம் அதிகாரிகளால் இடைநிறுத்தப்பட்டது. அதனை மீண்டும் ஓதும் உரிமைக்காக ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். ஈற்றில் 1925 ஆம் ஆண்டுச் சட்டம், குருத்துவாராக்களின் நிர்வாகத்தைச் சீக்கியர் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் ஒப்படைத்தது. அடுப்புக்கு விறகும், தடையின்றி ஓதுதலும் வேண்டி ஒரு மக்கள் அடிபட்டனர் என்பது, நாள்வழிபாடு அவர்க்கு எத்துணை உயிர்நிலை என்பதைக் காட்டும். 1945 இல் அக்குழு ஏற்ற ரஹித் மரியாதா என்னும் ஒழுக்க நூலே இன்றைய நாள்முறைக்குப் பெரும்பாலார் கைக்கொள்ளும் அளவுகோலாகும்.

எல்லாம் நிறைவெய்திவிட்டன என்று கூற நான் வரவில்லை. சாதிவாரியாகத் தனிக் குருத்துவாராக்கள் அமைந்த ஊர்கள் பஞ்சாபிலே உண்டு. ரஹித் மரியாதா ஆண்பெண் வேற்றுமை பாராட்டாததாயினும், பொற்கோயிலின் உள்ளே கீர்த்தனம் பாடும் பணி வழக்கத்தில் ஆடவர்க்கே உரியதாய் வந்தமையை அச்சமயப் பெண்டிர் பலர் வினவி வருகின்றனர். கொள்கைக்கும் வழக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கும் கோல் அவர்தம் நூலிலேயே இருக்கிறது என்பதுதான் அவர்க்குப் பேறு.

1947 இல் இந்தியா பிரிக்கப்பட்டது. நானக் பிறந்த நன்கானாவும், அவர் உழுது மறைந்த கர்த்தார்பூரும், அர்ஜுனர் உயிர்நீத்த லாகூரும் பாகிஸ்தானுக்கு உரியவாயின. சீக்கியர் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து கிழக்கே சென்றனர். அவ்வாண்டிற்குப்பின் அர்தாஸில் ஒரு புதிய வேண்டுகோள் சேர்ந்தது. பிரிந்துபோன திருத்தலங்களைத் தடையின்றிக் கண்டு வழிபடவும் பேணவும் அருள்புரிக என்பது அது. 1984 ஜூனில் இராணுவ நடவடிக்கையின்போது பொற்கோயில் வளாகத்து அகால் தக்த் சிதைந்த வேளையிலும் அவ்வேண்டுகோள் நிற்கவில்லை. கர்த்தார்பூர் எல்லையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. ஆண்டுக்கணக்காக அடியார்கள் இந்திய எல்லையில் நின்று, தொலைநோக்கிக் கண்ணாடியால் அதன் வெண்ணிறக் குவிமாடத்தைக் கண்டு வணங்கித் திரும்பினர். நானக் பிறந்த 550 ஆம் ஆண்டுவிழாவை ஒட்டி, 2019 நவம்பர் 9 ஆம் நாள் அவ்விடத்திற்கு வழி திறக்கப்பட்டது. எழுபத்திரண்டு ஆண்டுகள் நாள்தோறும் கேட்ட வேண்டுகோள் ஒரு பகுதியேனும் நிறைவேறியது. பின்னர் நோய்ப்பரவலின் காரணமாக அவ்வழி மூடப்பட்டதும் உண்டு. ஆதலின் அவ்வரி அர்தாஸிலிருந்து நீக்கப்படவில்லை.

அர்தாஸின் முடிவைக் கூறி அமைகிறேன். இத்தனை கொலைகளையும் இழப்புகளையும் நினைந்தபின், அவ்விண்ணப்பம் பகைவர்க்குத் தண்டனை கேட்பதில்லை. உலகத்தார் அனைவர்க்கும் நன்மை உண்டாகுக என்றே முடிகிறது. காலையும் மாலையும் அதனைச் சொல்வோர் எல்லாரும் அதற்கேற்ப ஒழுகுவர் என்று எவரும் உறுதி கூறமுடியாது. எச்சமயத்தார்க்கும் அவ்வுறுதி கூற இயலாது. ஆயினும், வரலாற்றின் புண்களை நாள்தோறும் நினைந்தும், நினைந்தபின் எல்லார்க்கும் நலம் வேண்டியும் தலைவணங்குதல் எளிய பயிற்சியன்று.

என் மாணவனுக்கு அன்று இவ்வளவும் சொல்ல நேரம் இருக்கவில்லை, மணி அடித்துவிட்டது. அவன் இப்பொழுது எங்கேனும் இருந்து இப்பேச்சைக் கேட்பானாயின், அவன் அன்று கேட்டது நல்ல வினா என்பதையும், அதற்கு விடை சொல்ல அவன் ஆசிரியருக்குச் சில ஆண்டுகள் சென்றன என்பதையும் அறிந்துகொள்வானாக.